கோச்சடையானில் எது இடறுது, மாயாபஜாரில் எது இடறல?

ஓசூர்:
1957 மாயாபஜாரையும், நடிகரோட அசைவைப் பதிவு பண்ணி கம்ப்யூட்டர் உருவமா மாத்தின 2014 ரஜினி படம் கோச்சடையானையும் அடுத்தடுத்துப் பார்த்தவங்க, எந்தக் காட்சியில் இடறுச்சுன்னு குறிச்சுப் போடுங்க. "பட்ஜெட் பத்தல"ங்கிற ஒரு வரித் தீர்ப்பு வேணாம். மாயாபஜார்ல கடோத்கஜன் கல்யாண விருந்தைச் சாப்பிடுற காட்சியில லட்டு பறக்க வைக்க, இயக்குநர் கே.வி.ரெட்டிகிட்டயும் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லிகிட்டயும் கம்ப்யூட்டரா இருந்துச்சு?

காவேரிப்பட்டணம்:
கோச்சடையான்ல முதல்ல இடறுறது பாதம். ஒரு சின்ன சோதனை. நடக்கிற காட்சியில் திரையோட மேல்பாதியை அட்டையால மறைச்சிட்டு, காலையும் தரையையும் மட்டும் பாருங்க. ஊன்றிய கால் அசையக் கூடாது. பல இடத்துல கொஞ்சம் வழுக்கிட்டுப் போகும்.

பொதுவா இது எங்கே வருதுன்னா, நடிகர் உடம்புல ஒட்டுற ஒளிப்புள்ளிகளைச் சுத்தி நிக்கிற கேமராக்கள் பதிவு பண்ணும். அந்த அசைவை வேற அளவு உள்ள கம்ப்யூட்டர் உடம்புக்கு மாத்துவாங்க. தொடை எலும்பு ரெண்டு அங்குலம் நீளமானா போதும், நடை தூரம் மாறி பாதம் சறுக்கும். அதை ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு ஃப்ரேமா ஊன்றிச் சரி பண்ணணும். அவசரத்துல முதல்ல விடுபடுற வேலை இதுதான். கட்டிப்பிடிக்கிற காட்சியும் அப்படியே: ரெண்டு உடம்பு ஒட்டினா புள்ளிகள் மறைஞ்சிடும், அந்த இடைவெளியைக் கணக்குப் போட்டு நிரப்பினா கை முதுகுல படாம காத்துல நிக்கும்.

பென்னாகரம்:
கால் எல்லாம் அப்புறம்ங்க. கண்ணுதான் கொன்னுடுச்சு. ஒருத்தரைப் பார்த்துப் பேசும்போது நம்ம கருவிழி நொடிக்கு ஏறக்குறைய மூணு தடவை குட்டியா தாவும். நிமிஷத்துக்குப் பதினஞ்சு, இருபது தடவை இமைப்போம். அந்தத் தாவல் இல்லாம ஒரே புள்ளியில் நின்னா, தோல் எவ்வளவு நல்லா இருந்தாலும் மெழுகு பொம்மைதான். முழுக்க பொம்மைன்னா மனசு ஏத்துக்கும், முக்கால்வாசி மனுஷன்னாதான் மிரளும். ஜப்பான் ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970லயே இதை எழுதிட்டார். இதே முறையில எடுத்த 2004 ஹாலிவுட் படம் போலார் எக்ஸ்பிரஸுக்கும் இதே குறைதான் சொன்னாங்க. அவதார்ல (2009) தலைக்கவசத்தோட குட்டி கேமராவை மாட்டி முகத்தைத் தனியாப் பிடிச்சாங்க. போதாததுக்கு அந்த ஆளுங்க நீலமா, பத்தடி உயரம். யார் முகத்தோட ஒப்பிடுவீங்க? ரஜினி முகமோ நாற்பது வருஷமா ஊரே மனப்பாடம் பண்ணின முகம். புருவம் எப்ப ஏறும்னு சின்னப் பையனுக்கும் தெரியும். 2009ல மறைஞ்ச நாகேஷை உருவாக்கினது இன்னும் பெரிய துணிச்சல், அதே காரணத்தால இன்னும் பெரிய இடறல்.

ஓசூர்:
இதுக்கு எதிர்ப்பக்கம் மாயாபஜார்லயே இருக்கு. கடோத்கஜன் மணப்பொண்ணு வத்சலா உருவம் எடுத்து உட்கார்ற பகுதி. தந்திரக் காட்சியே தேவைப்படல. வத்சலாவா நடிச்ச சாவித்திரி தோளை விரிச்சு, தாடையை முன்னாடி நீட்டி, கடோத்கஜனா நடிச்ச ரங்காராவோட தோரணையை அந்தப் புடவைக்குள்ள கொண்டு வந்துடுறாங்க. உள்ளே அரக்கன், வெளியே பொண்ணு. கோச்சடையான்ல அப்படியே தலைகீழ்: உடம்பு அசைவு நடிகரோடது, முகம் இன்னொருத்தர் பூசினது மாதிரி.

(அந்த விருந்துப் பாட்டு தமிழ்ல "கல்யாண சமையல் சாதம்". இந்தப் பக்கம் பாதி வீட்டுல அது தெலுங்கு "விவாஹ போஜனம்பு". எந்த மொழியில பார்த்தாலும் சாப்பிடுறது ரங்காராவ்தான், அதனால சண்டை வேணாம்.)

பாலக்கோடு:
கதையும் உதவுச்சுங்க. அபிமன்யு கல்யாணத்துக்கு கடோத்கஜன் உதவுற இந்தக் கதை வியாச பாரதத்துல கிடையாது, நாட்டார் வழிக் கதை. அபிமன்னன் சுந்தரி கதை தெரிஞ்ச கூத்து ரசிகனுக்கு யார் யாருன்னு விளக்கவே வேணாம், நேரா வேடிக்கைக்குப் போயிடலாம். கோச்சடையான் ரெண்டு நாடு, அப்பா, பிள்ளை, பழிவாங்கல்னு எல்லாத்தையும் புதுசா நிறுத்தணும். பாட்டை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எஸ்.பி.பி. குரல்ல "எங்கே போகுதோ வானம்" கண்ணை மூடிட்டுக் கேட்டா படம் ஓடுது.

பென்னாகரம்:
கண்ணை மூடிட்டுங்கிறதுதான் விமர்சனமே!

காவேரிப்பட்டணம்:
லட்டு விஷயத்துக்கு வர்றேன். அங்கே உயிரில்லாத பொருள்தான் மாயமா நகருது, மனுஷன் மனுஷனாவே உட்கார்ந்திருக்கார். நம்ம கண்ணு லட்டோட நடையைத் தப்புக் கண்டுபிடிக்காது, லட்டு எப்படி நடக்கும்னு யாருக்குத் தெரியும்? பொருளைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, ஒவ்வொரு படமா எடுத்துத் தொடர்ச்சியா ஓட்டுறதை செல்போன்லயே முயற்சி பண்ணலாம். ஸ்டாண்டுல போனைப் பூட்டுங்க, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் நிற அளவையும் கையால நிறுத்தி வைங்க. நொடிக்கு 12 படம், அஞ்சு நொடிக்கு 60 படம். ஒவ்வொரு படத்துக்கும் அரை சென்டிமீட்டர் நகர்த்துங்க, கிளம்பும்போதும் நிக்கும்போதும் கால் சென்டிமீட்டர். எல்லாத்தையும் ஒரே அளவு நகர்த்தினா கன்வேயர்ல போற மாதிரி இருக்கும், உயிர் வராது. ஜன்னல் வெளிச்சம் வேணாம், மேகம் போனா படம் மினுக்கும். ஒரே பல்பு போதும்.

பாலக்கோடு:
பூந்தி லட்டு வேணாம், இருபதாவது படத்துல உதிர ஆரம்பிக்கும். களி உருண்டை வைக்கலாமா?

காவேரிப்பட்டணம்:
சூடான களி வட்டில்ல ஒட்டும், தூக்கும்போது அடி பிய்ஞ்சு வரும். ஆறினா மேல ஆடை காஞ்சு நிறம் மாறும், அறுபதாவது படத்துல வேற உருண்டையாட்டம் தெரியும். அடியில் எண்ணெய் தடவி, ஈரக் கையால அஞ்சு படத்துக்கு ஒருதரம் தடவிக் கொடுங்க. இல்ல, களிமண்ணுல மஞ்சள் பூசி முடிச்சிடுங்க.