மார்பக மறுசீரமைப்பில் கொழுப்பு ஏற்றினால் புற்றுநோய் திரும்பி வருமா?

வெண்தாமரை:
புற்றுநோயால் இடது மார்பகத்தை முழுவதும் எடுத்து இம்பிளான்ட் (உள்ளே வைக்கும் செயற்கை மார்பகம்) வைத்திருக்கிறேன். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை மட்டும் ஓடுகிறது. இம்பிளான்ட்டுக்கு மேல்பக்கம் குழி விழுந்து தோல் விலா எலும்போடு ஒட்டினாற்போல இருக்கிறது. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி அங்கே ஊசி மூலம் நிரப்பலாம் என்கிறார் பிளாஸ்டிக் சர்ஜன். எனக்கும் ஆசைதான், ஆனால் கொழுப்பில் இருக்கும் ஸ்டெம் செல் (வேறு செல்களாக வளரக்கூடிய மூல செல்), மிச்சம் மீதி ஒளிந்திருக்கும் புற்றுசெல்லைத் தட்டி எழுப்பிவிடும் என்று படித்ததிலிருந்து தூக்கமே போய்விட்டது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

கதிர்:
சகோதரி, புற்றுநோய் அறுவைப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் பயம் காரணமில்லாதது அல்ல. ஆய்வகத் தட்டில் அந்த ஸ்டெம் செல்களைப் புற்றுசெல்களோடு சேர்த்து வளர்த்தால் புற்றுசெல்கள் வேகமாகப் பெருகுவதைப் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சிகிச்சை முடித்த பெண்களிடம் அப்படித் தெரியவில்லை. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனை 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு ஏற்றிய மார்பகங்களில் அந்தப் பகுதியில் நோய் திரும்பியது 1.3 சதவீதம், ஏற்றாதவற்றில் 2.4. இதை வைத்து கொழுப்பு நோயைத் தடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆபத்து கூடவில்லை, அவ்வளவுதான். 2018-இல் நெதர்லாந்தில் கொழுப்பு ஏற்றிய சுமார் 300 பேரை, ஏற்றாத அதேபோன்ற 300 பேரோடு ஒப்பிட்டபோதும் வித்தியாசம் வரவில்லை.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். அதே 2016 ஆய்வில் ஹார்மோன் சிகிச்சை எடுத்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்தபோது கொழுப்பு ஏற்றியவர்களில் 1.4 சதவீதம், ஏற்றாதவர்களில் 0.5 என்று கூடுதலாக இருந்தது. நோய் திரும்பிய விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்து வந்த கணக்கு, அதற்காக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் நீங்கள் டாமாக்சிஃபெனில் இருப்பதால் ஆங்காலஜிஸ்ட்டிடம் (புற்றுநோய் மருத்துவர்) இதையே சொல்லிக் கேளுங்கள்.

நீலாம்பரி:
நான் செய்துகொண்டவள், எனக்கும் ரேடியேஷன் ஆனது. ஏற்றிய கொழுப்பில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும், அதனால் ஒரே தடவையில் முடியாது என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கல்லாக இருந்த தோல் எனக்கு இளகியது, அது பெரிய நிம்மதி. ஆனால் யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லாத விஷயம் கட்டிகள். சில மாதம் கழித்து பட்டாணி அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டதும் உயிரே போய்விட்டது. அல்ட்ராசவுண்டில் எண்ணெய் நீர்க்கட்டி என்றார்கள், அதாவது ரத்த ஓட்டம் கிடைக்காமல் செத்த கொழுப்பு. மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) இது புற்றுநோயா என்று குழப்பம் வரும் என்றுதான் 1987-இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் சங்கம் இந்த முறையே கூடாது என்றதாம், 2009-இல்தான் அந்த நிலையை மாற்றினார்கள். அதனால் ஏற்றுவதற்கு முன்னாலேயே ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த இடத்தில் எவ்வளவு மில்லி ஏற்றினார்கள் என்ற ஆபரேஷன் குறிப்பையும் ஸ்கேன் போகும்போதெல்லாம் காட்டுங்கள். புதுக் கட்டி எது வந்தாலும் கொழுப்புதான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

வெண்தாமரை:
ரொம்ப நன்றி அக்கா, கதிர் சார். கட்டி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஆபரேஷனுக்காக மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

கதிர்:
நீங்களாக நிறுத்தவே கூடாது. டாமாக்சிஃபெனால் ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் உண்டு, அதனால் சிலருக்குச் சிறிது நாள் நிறுத்தச் சொல்வார்கள், அதை ஆங்காலஜிஸ்ட்தான் சொல்ல வேண்டும். அப்புறம், ஸ்டெம் செல்லைத் தனியாகப் பிரித்துச் செறிவூட்டிய கொழுப்பா, சாதாரணக் கொழுப்பா என்றும் சர்ஜனிடம் கேளுங்கள். நான் சொன்ன கணக்குகளை வைத்து செறிவூட்டியதையும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.