நைட்ரஜனை நிறுத்தியும் பிஎச்பி சேரவில்லை: எங்கே தவறு?

கேள்வி:
நைட்ரஜன் பட்டினியில் செல்லுக்குள் சேரும் பிஎச்பி (பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற உயிரி பிளாஸ்டிக்) எடுக்க, சினெக்கோசிஸ்டிஸ் பிசிசி 6803 என்ற நீலப்பச்சை பாக்டீரியாவை பிஜி-11 ஊடகத்தில் (ஊட்டக் கரைசலில்) வளர்க்கிறேன். 730 நானோமீட்டரில் ஓடி (செல் எவ்வளவு வளர்ந்தது என்று காட்டும் ஒளி அடர்த்தி) 0.8 வந்ததும் செல்களை ஒருமுறை கழுவி, சோடியம் நைட்ரேட் இல்லாத ஊடகத்துக்கு மாற்றுகிறேன். 30 டிகிரி, 40 மைக்ரோமோல் ஒளி. நான்காம் நாள் அறுவடையில் உலர் எடையில் 2 சதவீதம்கூட பிஎச்பி இல்லை. நிறமும் பச்சையாகவே இருக்கிறது. எதை மாற்றலாம்?

பதில் 1:
நிறம் மாறாததுதான் துப்பு. நைட்ரஜன் உண்மையிலேயே தீர்ந்தால் செல் தன் பைக்கோபிலிசோம்களையே (ஒளியைப் பிடிக்கும் நிறமிப் புரதத் தொகுப்புகளை) சிதைத்துப் பயன்படுத்தும். இரண்டு மூன்று நாளில் குடுவை மஞ்சளாகும். உங்கள் குடுவையில் நைட்ரேட் மிச்சம் இருக்கிறது. பிஜி-11இல் அது லிட்டருக்கு 1.5 கிராம், ஒரே கழுவலில் போகாது. 4000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றி, மேல்திரவத்தைச் சொட்டுக்கூட விடாமல் வடித்து, நைட்ரஜனற்ற ஊடகத்தாலேயே இரண்டு முறை கழுவுங்கள். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டுக்குப் பதில் ஃபெரிக் சிட்ரேட், கோபால்ட் நைட்ரேட்டுக்குப் பதில் கோபால்ட் குளோரைடு. பழைய உப்புகளிலுள்ள நைட்ரஜன் சொற்பம்தான், ஆனாலும் மாற்றிவிடுவது நல்லது.

பதில் 2:
கழுவல் சரியானாலும் நான்காம் நாள் அறுவடை மிகச் சீக்கிரம். பட்டினியில் இந்த பாக்டீரியா முதலில் சேர்ப்பது கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு. அது மெல்லக் கரைந்துதான் அந்தக் கார்பன் பிஎச்பி ஆகிறது. இரண்டு வாரமாவது விடுங்கள், இடையில் மூன்று நாளுக்கொரு மாதிரி எடுங்கள். அவசரத்தில் ஒளியைக் கூட்டாதீர்கள். வெளுத்த செல்லுக்கு அது தாங்காது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அசிட்டேட் சேர்த்தால் வேகமாகுமா? அளவிடுவது குரோட்டோனிக் அமில முறையில் (பிஎச்பியைக் கந்தக அமிலத்தில் குரோட்டோனிக் அமிலமாக்கி, அது உறிஞ்சும் ஒளியை அளப்பது).

பதில் 3:
அசிட்டேட் கூட்டும். 10 மில்லிமோலார், அதாவது நீரற்ற சோடியம் அசிட்டேட் லிட்டருக்கு 0.82 கிராமில் தொடங்குங்கள். ஆனால் அதைத் தின்ன வேறு பாக்டீரியாக்கள் வரிசையில் நிற்கும். எல்பி அகார் தட்டில் (சாதாரண பாக்டீரியா வளரும் சத்துத் தட்டு) ஒரு சொட்டு வைத்து 30 டிகிரியில் இருட்டில் இரண்டு நாள் பாருங்கள். அங்கே கூட்டம் முளைத்தால் அது 6803 அல்ல, மாசு.

அளவீட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைக்கும்போது கிளைகோஜன் சர்க்கரையும் 235 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும் பொருள்களாக மாறும். பட்டினியில் கிளைகோஜன் ஏறுவதால், இல்லாத பிஎச்பி இருப்பதாகத் தெரியும். எனவே எச்பிஎல்சியில் (கலவையின் பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கருவியில்) குரோட்டோனிக் அமிலத்தைப் பிரித்து அளவிடுங்கள். தூய பிஎச்பியையும் அதே அமிலத்தில், அதே நேரம் கொதிக்கவைத்து, ஒப்பிட்டு அளவிடத் தரக்கோடு போடுங்கள். செல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் அமிலத்தை நீர்க்கச் செய்தால் மாற்றம் பாதியில் நின்றுவிடும்.