கறை படிந்த புல்லட்டைக் காசு கொடுத்து வாங்கலாமா?

ஆஸ்டின்காரன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, போன வாரம் 30 காலிபர் (விட்டம்), 168 கிரெயின் (எடை) புல்லட் 500 வாங்கினேன். தோற்றத்தில் குறை என்று தொழிற்சாலையே ஒதுக்கி, விலை குறைத்து விற்றவை. நல்ல சரக்கு 100க்கு 45 டாலர், இது 27. (தோட்டா என்றால் கூடு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர் எல்லாம் சேர்ந்தது. கூட்டின் வாயில் உட்காரும், செம்பு உறை போட்ட ஈயத்தை மட்டும்தான் புல்லட் என்கிறேன்.)

மேசைமேல் துணி விரித்துக் கொட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தண்ணீர்க் கறை. புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடம் மாதிரி கருத்திருக்கின்றன. சிலவற்றின் நுனி கோணல். ஏழெட்டில் உடம்பில் நகம் பட்டது போல ஒரு கீறல். என் .308 ரைஃபிளில் நல்ல புல்லட் போட்டு நானே கட்டிய தோட்டா 100 கஜத்தில் ஐந்தும் ஓர் அங்குலத்துக்குள் விழும். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு பெரியவர், "ஒதுக்கினதை எதற்குத் துப்பாக்கியில் போடுகிறாய்" என்று கேட்டதிலிருந்து மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

மிசோரி மாறன்:
தம்பி, தாராளமாகப் போடு. பதிமூன்று வருடமாக என் பயிற்சித் தோட்டா முக்கால்வாசி இந்தச் சரக்குதான். கறை என்பது செம்பின் மேல்தோல் காற்றுப்பட்டுக் கருப்பது, அவ்வளவே. எடை மாறாது, விட்டம் மாறாது. குழலுக்குள் சுருளாக ஓடி புல்லட்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் அந்தத் தோலை எப்படியும் கீறித்தான் அனுப்பப் போகிறது.

நுனிக் கோணலுக்கும் பயப்படாதே. மாசசூசெட்ஸ் மருத்துவர் ஃபிராங்க்ளின் மான் பல வருடம் இதையே சுட்டுப் பார்த்து, 1909இல் வெளியிட்டார். நுனியை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டபோது குறி பெரிதாக விலகவில்லை. அடிப்பாகத்தைச் சிதைத்தபோதுதான் சிதறியது. காரணம் எளிது. குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிப்பாகம். அதன் விளிம்பு ஒரு பக்கம் உடைந்திருந்தால், பின்னால் நெருக்கும் வாயு அந்தப் பக்கமாக முதலில் பீறிட்டு, புல்லட்டைச் சாய்த்து அனுப்பிவிடும். அதனால் நுனியைப் பார்க்காதே, திருப்பிப் போட்டு அடியைப் பார்.

தாமிரபரணியாள்:
மாறன் அண்ணா சொன்ன கறை விஷயம் சரி. ஆனால் பெட்டியில் இருப்பது கறை மட்டும்தான் என்று யார் சொன்னது? "தோற்றக் குறை" என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறார்கள். ஒதுக்கியதற்கு உண்மையான காரணம் பெட்டியின்மேல் இருக்காது. கண்ணுக்குத் தெரிகிற குறையை ஒதுக்கிவிடலாம். உறையின் தடிமன் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் எப்படித் தெரியும்?

கணக்குப் போட்டுச் சொல்கிறேன். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள குழலில் விநாடிக்கு 2800 அடி வேகத்தில் போகும் புல்லட், விநாடிக்கு 3360 தடவை சுழல்கிறது. நிமிடக் கணக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேல். அதன் எடை மையம் நடுக்கோட்டிலிருந்து ஓர் அங்குலத்தில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குழல் வாயை விடும் கணத்தில் அது புல்லட்டைப் பக்கவாட்டில் வீசும். 100 கஜம் போவதற்குள் கிட்டத்தட்ட அரை அங்குலம் விலகிவிடும். எந்தப் பக்கம் விலகும் என்பது, வெளியேறும்போது கனத்த பக்கம் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. போட்டியில் சுடுகிறவளுக்கு அரை அங்குலம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

மிசோரி மாறன்:
கணக்கு சரி தங்கச்சி, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏற்றத்தாழ்வு முழு விலைப் பெட்டியிலும் கொஞ்சம் இருக்கும். கறையைப் பார்த்து ஒதுக்கியவன் உறைத் தடிமனைப் பார்த்து ஒதுக்கவில்லை. கறைபட்டதால் அது கூடிவிடாது.

இன்னொன்று. போட்டிக்கென்றே செய்யும் துளைமுனைப் புல்லட்டை லென்ஸ் வைத்துப் பார்த்திருப்பாய். முதல்தரச் சரக்கிலேயே வாய் ஒரே சீராக இருக்காது. அதைச் சீவிச் சமப்படுத்தத் தனிக் கருவி விற்கிறார்கள். அதை யாரும் குறை என்று சொல்வதில்லை.

காசு விஷயமும் சின்னது இல்லை. ஒரு தோட்டாவில் பாதிச் செலவு புல்லட்டுக்கே போகிறது. 2020, 2021இல் இங்கே பிரைமரும் புல்லட்டும் கிடைக்காமல் அலமாரி காலியாக இருந்தபோது, சேர்த்து வைத்திருந்த இந்தக் கறைச் சரக்கால்தான் நான் வாரம் தவறாமல் சுட்டேன். சுடச் சுடத்தான் கை பழகும்.

மலைக்காட்டான்:
நான் கொலராடோவில் வேட்டைக்குப் போகிறவன். இலக்கு அட்டைக்கு எதை வேண்டுமானாலும் சுடுங்கள், அட்டைக்கு வலிக்காது. மானுக்கோ, எல்க் என்ற பெரிய மானுக்கோ இது கூடாது.

வேட்டைப் புல்லட் உள்ளே போய் விரிய வேண்டும், அதே நேரம் உடையாமல் ஆழம் போகவும் வேண்டும். ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர் 1946இல் கனடாவில் மூஸ் என்ற பெரிய மான் ஒன்றைச் சுட்டார். சேறு காய்ந்து இறுகிய தோளில் பட்ட புல்லட் உள்ளே இறங்காமல் சிதறிப்போனது. அந்த ஏமாற்றத்தில்தான் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் புல்லட்டைச் செய்தார். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. ஒரு புல்லட் நடந்துகொள்ளும் விதம் ஒரு விலங்கின் உயிர் எப்படிப் போகிறது என்பதை மாற்றும். முனையில் வைத்த பிளாஸ்டிக் கழன்ற புல்லட்டை, எப்படி விரியும் என்று தெரியாமல், ஓர் உயிரின்மேல் சோதிக்க எனக்கு மனம் வராது. ஒரு வருடம் முழுக்கச் சுட்டாலும் வேட்டையில் செலவாவது நாலைந்து தோட்டா. அதில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்?

மிசோரி மாறன்:
இதில் மலைக்காட்டான் பக்கம்தான் நானும். வேட்டைக்கு நான் முழு விலைதான் கொடுக்கிறேன்.

ஆஸ்டின்காரன்:
எல்லோரும் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று இரவு உட்கார்ந்து நூறு புல்லட்டைப் பார்த்தேன். அடிப்பாகம் ஒவ்வொன்றையும் விளக்கடியில் வைத்துத் திருப்பினேன். மூன்றில் விளிம்பு நசுங்கியிருந்தது, அவற்றை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். மீதியை எடை போட்டேன். பெரும்பாலானவை அரைக் கிரெயின் வித்தியாசத்துக்குள்தான். (7000 கிரெயின் ஒரு பவுண்டு, அந்த அளவுக்குப் பொடி வித்தியாசம்.) ஒன்றே ஒன்று மட்டும் 165.1 காட்டியது. மறுபடி மறுபடி போட்டேன், அதேதான். கறையே இல்லாத, பளபளப்பான புல்லட் அது.

தாமிரபரணியாள்:
தம்பி, அந்த ஒன்றைத்தான் நான் சொன்னேன். உள்ளே ஈயம் குறைந்திருக்கலாம், அல்லது வேறு வகைப் புல்லட் கலந்திருக்கலாம். அடியிலிருந்து வளைவு தொடங்கும் இடம்வரை அளந்து மற்றதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் அது வேறு அச்சில் வந்தது.

இது குறி மட்டும் சார்ந்த விஷயம் இல்லை. எடை ஒன்றாகவே இருந்தாலும் வடிவம் மாறினால் அறைக்குள் அழுத்தம் மாறும். பழைய புல்லட்டுக்கு உச்சத்தில் வைத்திருந்த மருந்தளவை இதற்கு அப்படியே போடாதீர்கள். மருந்தளவுக் கையேட்டில் இந்தப் புல்லட்டுக்குக் கொடுத்திருக்கும் தொடக்க அளவில் ஆரம்பித்து, சுட்ட கூட்டிலும் பிரைமரிலும் அழுத்தம் மிகுந்த அடையாளம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறுங்கள். எந்த வகை என்று உறுதியாகத் தெரியாத புல்லட்டை ஏற்றவே வேண்டாம். அப்புறம், ராணுவத் தோட்டாவிலிருந்து இடுக்கியால் பிடுங்கிய புல்லட்டையும் சிலர் மலிவாக விற்கிறார்கள். அது முற்றிலும் வேறு சரக்கு, இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மிசோரி மாறன்:
மருந்தளவு பற்றிச் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஆனாலும் நூறில் நாலு போனாலும் 96 மிச்சம். 27 டாலருக்கு அது லாபம்தான்.

தாமிரபரணியாள்:
அண்ணா, அந்த நாலைக் கண்டுபிடிக்கத் தம்பி ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறார். இன்னும் நானூறு பாக்கி. போட்டிக்கு முந்தைய வாரம் எனக்கு அந்த நேரம் கிடையாது. ஒரு தோட்டா தள்ளிப் போய் விழுந்தால் தப்பு என் விரலிலா, காற்றிலா, புல்லட்டிலா என்று தெரியாமல் தவிக்கிற நிலை எனக்கு வேண்டாம். பயிற்சி என்பதே என் தப்பை நான் பார்ப்பதற்குத்தானே.

ஆஸ்டின்காரன்:
ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போகிறேன். நல்ல புல்லட் 20, பொறுக்கியெடுத்த கறைப் புல்லட் 20. ஒரே மருந்து, ஒரே கூடு, இரண்டுக்கும் தொடக்க அளவு. எது எந்த அட்டை என்று எனக்கே தெரியாதபடி நண்பரை விட்டு மாற்றி மாற்றி எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

தாமிரபரணியாள்:
ஐந்தைந்தாகப் பிரித்து அதில் நல்லதை மட்டும் காட்டாதீர்கள். இருபதும் ஒரே அட்டையில் இருக்கட்டும். 165.1ஐயும் அந்த மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மிசோரி மாறன்:
அட்டையின் படத்தைப் போடு தம்பி. காத்திருக்கிறேன்.