டிரிப்ளிங்: தட்டலா, உந்தலா?

உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்:
அனைவருக்கும் வணக்கம். விடுமுறையில் பிள்ளைகள் தனியாகக் கூடைப்பந்து பழகுவதற்கு ஒரு கையேடு எழுதுகிறேன். ஆட்டச் சொற்களைத் தமிழில் வைக்கப் பார்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஷூட்டிங்குக்கு ‘எய்தல்’, உடல் திரும்பும்போது தரையில் ஊன்றியே இருக்கும் பிவட் காலுக்கு ‘ஊன்றுகால்’ என்று வைத்தாயிற்று. பந்தைக் கையால் தரையில் விடாமல் அடித்து எழுப்பும் டிரிப்ளிங்தான் இழுக்கிறது. ‘தட்டோட்டம்’ சரியா?

பேராசிரியர், தஞ்சாவூர்:
சொல் அழகு. ஆனால் நீங்கள் அனுப்பிய முதல் பயிற்சியே நின்ற இடத்தில் முட்டியை மடக்கி, ஒரு கையால் விடாமல் அடிப்பது. அதில் ஓட்டம் எங்கே இருக்கிறது? நம்மிடம் பழைய சொல்லே உண்டு: பந்தடி. பெருங்கதையின் வத்தவ காண்டத்தில் ‘பந்தடி கண்டது’ என்று ஒரு பகுதியே இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லியோ ‘பந்து பயின்றாளே’. பயிலுதலில் ஆடுதலும் பழகுதலும் ஒன்றாக வந்துவிடுகின்றன. ‘பந்துபயில்வு’ என்றே வைக்கலாம்.

முன்னாள் வீராங்கனை, சென்னை:
ஐயா, மன்னிக்கவும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘இடக்கையால் பந்துபயில்’ என்று படித்தால் என்ன செய்யும்? கட்டளையாகச் சொல்லக்கூடிய சொல் வேண்டும். ‘தட்டு’ போதும். தட்டு, தட்டினாள், தட்டல். ‘இடக்கையால் தட்டு, பந்தைப் பார்க்காதே, எதிர்ச்சுவரைப் பார்.’ சொல்லித்தர ஆளில்லாமல் பழகும் பிள்ளைக்கு இதுதான் புரியும்.

பயிற்சியாளர், கோவை:
‘தட்டு’ என்றால் உள்ளங்கையால் அறைவார்கள், அதுதான் என் பயம். பந்து விரல் நுனிகளிலும் விரலடி மேடுகளிலும் பட வேண்டும். உள்ளங்கைக் குழியில் படக்கூடாது. மணிக்கட்டு கீழே போகும், விரல்கள் பந்தைத் தரைக்குத் தள்ளும், அது திரும்பி வரும்போது கையும் கூடவே எழும். இது தட்டுவது இல்லை, உந்துவது. ‘உந்தல்’ என்பது என் முன்மொழிவு.

பேராசிரியர், தஞ்சாவூர்:
உந்தல்! திருப்பாவையின் பதினெட்டாம் பாட்டு ‘உந்து மதகளிற்றன்’ என்று தொடங்குகிறது. அதே பாட்டில்தான் ‘பந்தார் விரலி’யும் வருகிறாள். பந்தும் விரலும் உந்தும் ஒரே பாட்டில்! அங்கே உந்துவது யானையின் மதம்தான், அறிவேன். ஆனாலும் விட மனமில்லை. பந்துபயில்வைக் கைவிட்டு உந்தலுக்கு வருகிறேன்.

வாசகர், யாழ்ப்பாணம்:
உந்து என்றால் பேருந்துதான் முதலில் நினைவுக்கு வரும். இன்னொன்று: இங்கே பெண் பிள்ளைகளில் பலர் வலைப்பந்தாட்டத்தில் (நெட்பால்) இருந்து கூடைப்பந்துக்கு வருவார்கள். அதில் பந்தைத் தரையில் அடித்துக்கொண்டு நகர விதி இடம் தராது. அவர்களுக்கு இந்தத் திறனே புதிது, சொல்லாவது பழகியதாக இருக்கட்டும். கூடைப்பந்திலும் அதை உருவாக்கிய நைஸ்மித் 1891இல் எழுதிய 13 விதிகளில் இது இல்லை. பந்தைப் பிடித்த இடத்தில் இருந்தே எறிய வேண்டும் என்றுதான் இருந்தது.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
தட்டலுக்கு என் ஓட்டு. அப்புறம், பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி அடிக்கும் கிராஸ்ஓவருக்குப் போட்டிருக்கும் ‘கைமாற்று’ கடன் வாங்குவதைக் குறிக்கிறதே? ‘கைமாற்றித் தட்டல்’ என்று நீட்டிவிடுங்கள்.

உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்:
நன்றி. தட்டல் என்றே போடுகிறேன். டிரிப்ளிங் என்றும் சொல்வார்கள் என முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். கோவை நண்பர் சொன்னது மிக முக்கியம். ‘விரல்களால் தட்டு, உள்ளங்கை படாமல்’ என்பதை ஒவ்வொரு பயிற்சியின் தலையிலும் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

பயிற்சியாளர், கோவை:
ஒவ்வொரு பக்கத்திலும் விளக்கம் கேட்கிற சொல் சரியான சொல் இல்லை. என் மைதானத்தில் ‘உந்து’ என்றுதான் சொல்லப் போகிறேன். கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்கிற ரீபவுண்டுக்கு என்ன வைத்தீர்கள்? ‘மீள்பந்து’ என்றால் அதற்கும் எனக்கு மறுப்பு உண்டு.