நோய் வரும் முன்னே பரிசோதனைக்குப் போக பஸ் எங்கே?

கேள்வி: முக்கூடல் பக்கம் கிராமம். அத்தை மடியில் சொளகோடு நாள் முழுக்கப் பீடி சுற்றுகிறார். காய்ச்சல் என்றால் கிளம்பிவிடுவார். சர்க்கரை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், "நோவே இல்லாம எதுக்குட்டி அவ்வளவு தூரம்?" என்கிறார். மகளிருக்கு டிக்கெட் இலவசம்தான். ஆனால் காலை பஸ்ஸை விட்டால் மத்தியானம்தான்; அன்றைய கூலி போச்சு. என்ன செய்யலாம்?

பதில் 1: 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் வீட்டிலேயே பார்ப்பார்கள். புற்றுநோய்ச் சோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போகணும். கிராம செவிலியரிடம் நாள் கேளுங்கள்.

பதில் 2: சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு என்பது விதிமுறை. தலையை எண்ணுகிறார்கள், பஸ்ஸை எண்ணுவதில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். பீடிக் கடையில் சுற்ற இலை கொடுக்காத நாளாகப் பார்த்து, தெருப் பெண்கள் நாலைந்து பேராக ஆட்டோ பிடித்துப் போங்கள்.

கேட்டவர்: சரி, செவிலியரிடம் பேசுகிறேன். பக்கத்து வீட்டு மதினியும் வருகிறாராம்.