டேங்க் ஸ்டாண்ட் ஒரு பக்கம் இறங்குது, மீனை எங்கே மாற்றுவது? அவசரம்

புளியரைக்காரன் (இரவு 8.12)
எல்லாருக்கும் வணக்கம். டேங்க் வைத்திருக்கிற ஸ்டாண்ட் சாயந்திரத்திலிருந்து ஒரு பக்கமாக இறங்குகிறது. கீழே உள்ள கதவு மூட மாட்டேன் என்கிறது. தண்ணீர் இடது ஓரத்தில் விளிம்பைத் தொடுகிறது. மீனை எங்கே மாற்றுவது, எப்படி மாற்றுவது? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வைகைக்_கெண்டை (8.19)
என்ன அளவு டேங்க்? ஸ்டாண்ட் மரமா, இரும்பா? என்ன மீன், எத்தனை? தரையில் ஈரம் இருக்கிறதா? இதெல்லாம் தெரியாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

தங்கமீன்_தங்கம் (8.21)
அடியில் தெர்மாகோல் போட்டிருக்கிறீர்களா? போடாமல் இருந்தால் இப்படித்தான் ஆகும். முதலில் அதைப் பாருங்கள்.

பொருநைக்கரை (8.24)
சாரல் நேரம், மலையடிவாரம், ஈரச் சுவர். எனக்குக் கரையான் மேல்தான் சந்தேகம். ஸ்டாண்டின் பின்பக்கம் டார்ச் அடித்து, மண் கோடு ஏறியிருக்கிறதா பாருங்கள்.

நீர்த்தோட்டம் (8.27)
ஸ்டாண்ட் பற்றி இங்கே நான் மட்டுமே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். வாங்குவதற்கு முன் யாரும் படிப்பதில்லை. சாய்ந்த பிறகு 'அவசரம்' என்று வந்து நிற்கிறார்கள். அளவுகூடச் சொல்லாமல் உதவி கேட்கும் பழக்கம் எப்போது மாறும்?

பட்டறை_அண்ணாச்சி (8.29)
தம்பி, மற்ற பேச்செல்லாம் அப்புறம். என்ன அளவாக இருந்தாலும் முதலில் தண்ணீரை இறக்குங்கள். ஒரு லிட்டர் இறங்கினால் ஒரு கிலோ பாரம் குறைகிறது. ஃபில்டர், லைட் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். பிள்ளைகளை அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள். ஸ்டாண்ட் சாயும் பக்கத்தில் நீங்களும் நிற்க வேண்டாம், டேங்க்குக்கு முன்னால் முட்டி போட்டு உட்காரவும் வேண்டாம். ஓஸைப் போட்டுவிட்டு எட்டி நில்லுங்கள்.
கார் ஜாக்கி, செங்கல், ஆப்பு என்று எதையும் அடியில் கொடுத்துத் தூக்கிவிடாதீர்கள். தண்ணீரோடு ஒரு மூலையை மட்டும் தூக்கினால் அடிக் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். ஸ்டாண்ட் தாங்கியிருந்தாலும் கண்ணாடி விட்டுவிடும்.

புளியரைக்காரன் (8.41)
ஓஸ் போட்டாச்சு அண்ணாச்சி. டேங்க் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஸ்டாண்ட் மரம் மாதிரிதான், டிவி வைக்கிற யூனிட். இந்த டேங்க்கைத் தாங்கும் என்று கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். கரையான் கோடு இல்லை. இடது கால் அடியில் உப்பி, மேல் தாள் உரிந்திருக்கிறது. மீன் மிஸ் கேரளா ஆறு, ஏஞ்சல் நாலு, கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்கிற பெரிய சக்கர் ஒன்று. கரண்ட் வேறு வந்து வந்து போகிறது.

வைகைக்_கெண்டை (8.46)
இப்போது விளங்குகிறது. நாலுக்கு ஒன்றரைக்கு ஒன்றரை என்றால் ஒன்பது கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர். நிறைத்தால் 255 லிட்டர், அதாவது தண்ணீரே கால் டன். கண்ணாடி 10 எம்எம் என்றால் அது ஒரு ஐம்பது கிலோ. அதற்கு மேல் மணலும் கல்லும்.
டிவி யூனிட் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. வெட்டிய விளிம்பு வழியாகத் தண்ணீர் உறிஞ்சினால் உப்பிப் பலம் போய்விடும். உப்பினது காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. வீடு துடைக்கிற தண்ணீரும், டேங்க்குக்குள் கை விட்டு எடுக்கும்போது சொட்டுகிற தண்ணீரும் சேருவது அந்தக் கால் அடியில்தான். தெர்மாகோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தங்கமீன்_தங்கம் (8.49)
சம்பந்தம் இல்லாமல் எப்படி? தெர்மாகோல் பாரத்தைச் சமமாகப் பரப்பும். நான் வைத்த எந்த டேங்க்கும் சாய்ந்ததில்லை.

வைகைக்_கெண்டை (8.52)
பலகையில் ஒரு மணலோ சின்ன மேடு பள்ளமோ இருந்தால் அந்த ஒரு புள்ளியில் கண்ணாடி அழுந்தாமல் தெர்மாகோல் காக்கும். அது கண்ணாடிக்காகப் போடுவது. கால் உப்பி நசுங்குவதை அது என்ன செய்யும்?

பட்டறை_அண்ணாச்சி (8.55)
இந்த யூனிட்களில் நேராக இறங்குகிற பாரத்தை விடப் பக்கவாட்டு ஆட்டம்தான் ஆபத்து. பின்னால் ஒரு மெல்லிய ஹார்ட்போர்டை ஆணி அடித்து வைத்திருப்பான். அது பிடித்திருக்கும் வரைதான் பெட்டி நிற்கும். ஆணி கழன்றால் தீப்பெட்டியின் மேலட்டை மாதிரி மொத்தமும் ஒரு பக்கம் படுத்துவிடும். கதவு மூடவில்லை என்றால் சட்டம் ஏற்கெனவே கோணியிருக்கிறது. தம்பி, தண்ணீர் பாதிக்குக் கீழே போய்விட்டதா?

பாலக்காட்டு_மீனா (9.01)
தண்ணீர் முழுவதையும் வெளியே விட்டுவிடாதீர்கள். மேலே இருக்கும் தெளிந்த தண்ணீரை முதலில் டப்களில் பிடித்து வையுங்கள், மீன் அதில்தான் இருக்கப் போகிறது. மணலைக் கிளறிய பிறகு வரும் கலங்கல் தண்ணீர் வேண்டாம்.
நூறு லிட்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் டப் இரண்டு போதும். சோப்பு படாததாக இருக்கட்டும். நீல டிரம் என்றால் முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

பொருநைக்கரை (9.04)
பெரிய பித்தளை அண்டா இருந்தால் அதுகூட ஆகுமே. பழைய வீடுகளில் இருக்கும்.

பாலக்காட்டு_மீனா (9.06)
பித்தளையும் செம்பும் கூடவே கூடாது சேட்டா. செம்பு தண்ணீரில் இறங்கினால் மீனுக்கு விஷம். அலுமினியமும் வேண்டாம். பிளாஸ்டிக்தான் பயமில்லாதது.
மீனைக் கடைசியில் பிடியுங்கள். முதலில் கல், கட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஒரு சாண் அளவுக்கு இறங்கிய பிறகு பிடித்தால் மீன் ஓடி ஓடிக் களைக்காது. சக்கரை வலையில் பிடிக்காதீர்கள், அதன் பக்க முள் வலையில் மாட்டினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். தண்ணீருக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் படுக்க வைத்து அதற்குள் தள்ளுங்கள்.
மிஸ் கேரளா குளிர்ச்சியாக ஓடுகிற ஓடைத் தண்ணீரில் வளரும் மீன். மற்றவற்றை விட அதற்குத்தான் காற்று அதிகம் வேண்டும். துள்ளவும் செய்யும். டப்பின் மேல் கொசுவலையைக் கட்டிவிடுங்கள். ஆறையும் ஒரு டப்பில் விட்டு, ஏஞ்சலையும் சக்கரையும் இன்னொன்றில் விடலாம்.

செங்கழுநீர் (9.12)
இவ்வளவு சிரமம் எதற்கு? மிஸ் கேரளா அச்சன்கோவில் ஆற்று மீன்தானே. புளியரையிலிருந்து அந்த ஆறு அவ்வளவு தூரமில்லை. காலையில் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிடுங்கள். சக்கரைக் குண்டாறு அணையில் விடலாம்.

நீர்த்தோட்டம் (9.15)
படித்தவர்கள் எழுதுகிற யோசனையா இது? டேங்க்கில் இருந்த மீனை எந்த ஆற்றிலும் அணையிலும் விடக்கூடாது. அடிப்படைகூடத் தெரியாதவர்கள் யோசனை சொல்ல வராமல் இருப்பது நல்லது.

செங்கழுநீர் (9.17)
மரியாதையாகப் பேசுங்கள் சார். அந்த ஆற்று மீனை அந்த ஆற்றில் விட்டால் என்ன தப்பு?

பாலக்காட்டு_மீனா (9.23)
கோபப்படாதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன். கடையில் வாங்கிய மிஸ் கேரளா எந்த ஆற்று வழி வந்தது, பண்ணையில் பொரித்ததா என்று நமக்குத் தெரியாது. கேரளத்துச் சாலியாற்றிலும் வளபட்டணம் ஆற்றிலும் இருக்கிற கூட்டமும் அச்சன்கோவில் கூட்டமும் வேறு வேறு, கலந்துவிடக் கூடாது. அதை விடப் பெரிய பயம் நோய். வேறு நாட்டு மீன்களோடு ஒரே டேங்க்கில் இருந்தது எந்த ஒட்டுண்ணியைச் சுமக்கிறது என்று பார்த்தால் தெரியாது.
சக்கர் தென் அமெரிக்க மீன். இங்கே வந்தால் பெருகும், கரையில் குழி தோண்டும், மீன்காரர் வலையைக் கிழிக்கும். கேரளத்து நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பரவிக் கிடக்கிறது. 2018 வெள்ளத்தில் பண்ணைக் குளங்கள் உடைந்து அரபைமா என்கிற தென் அமெரிக்க ராட்சத மீனே ஆற்றுக்குள் வந்தது. தெரியாமல் வந்தவற்றுக்கே இந்தப் பாடு, நாமாகக் கொண்டுபோய் விட வேண்டாம்.

வைகைக்_கெண்டை (9.27)
அந்த மீனே அழியும் நிலையில் உள்ள இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதிக்காக ஓடைகளில் அள்ளி அள்ளித்தான் இந்த நிலை. என்னைக் கேட்டால் ஓடையில் பிடித்ததை யாரும் வாங்கவே கூடாது.

தங்கமீன்_தங்கம் (9.30)
இப்போது பண்ணையிலேயே பொரிக்கிறார்கள். எல்லா மிஸ் கேரளாவும் திருட்டு மீன் என்பது போலப் பேசுவது சரியில்லை.

வைகைக்_கெண்டை (9.32)
பொரிக்கிறார்கள், மறுக்கவில்லை. எது பண்ணை மீன், எது ஓடை மீன் என்று கடைக்காரர் ஒரு தாளில் எழுதித் தருகிறாரா? கேட்டால் 'பண்ணைதான் சார்' என்று வாய்ப்பேச்சு. அங்கேதான் என் வருத்தம்.

பட்டறை_அண்ணாச்சி (9.34)
இதை வேறு இழையில் பேசுங்கள் ஐயா. இங்கே ஒருவர் வீட்டில் டேங்க் சாய்ந்து நிற்கிறது. தம்பி, இருக்கிறீர்களா?

புளியரைக்காரன் (9.48)
இருக்கிறேன். முக்கால்வாசி தண்ணீர் இறங்கிவிட்டது, ஸ்டாண்ட் அதற்கு மேல் இறங்கவில்லை. மிஸ் கேரளா ஆறும் டப்பில். ஏஞ்சலும் எடுத்தாச்சு. சக்கர் மூலையில் இருக்கிறது. ஃபில்டரை இப்போதே கழுவி வைத்துவிடவா? டப்புக்குப் புதுத் தண்ணீர் வேண்டும் என்றால் கிணற்றிலிருந்துதான்.

பாலக்காட்டு_மீனா (9.51)
ஃபில்டரைக் கழுவாதீர்கள்! மீன் கழிவில் வருகிற அம்மோனியா மீனுக்கு விஷம். அதைத் தின்கிற பாக்டீரியா தண்ணீரில் இருப்பதை விட ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும்தான் அதிகம் ஒட்டியிருக்கிறது. கழுவினாலும் காய்ந்தாலும் அது போய்விடும். ஃபில்டரை அப்படியே மீன் டப்பில் ஓட விடுங்கள். கரண்ட் போனால் பஞ்சை எடுத்து டப் தண்ணீரில் போட்டு வையுங்கள், மூடிய டப்பாவில் வைத்தால் மூச்சில்லாமல் செத்துப் புளித்துவிடும்.
கிணற்றுத் தண்ணீரில் பொதுவாகக் குளோரின் இருக்காது, மருந்து தேவையில்லை. ஆனால் மழைக்காலம் என்று கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போட்டிருந்தால் வேண்டாம். போடவில்லை என்றாலும் இறைத்த உடனே ஊற்றக் கூடாது. புதிதாக இறைத்த தண்ணீரில் காற்று குறைவு. ஒரு ராத்திரி ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் காற்றைக் குமிழாக விடும் கல்) போட்டு வைத்து, காலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

வைகைக்_கெண்டை (9.54)
கரண்ட் இல்லாத நேரத்துக்கு பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் கிடைக்குமா பாருங்கள். கிடைக்காவிட்டால் ஒரு செம்பில் மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து அதே டப்பில் ஊற்றுங்கள், அடிக்கடி. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். நாளைக்கும் மறுநாளும் தீனி போடாதீர்கள். பட்டினியால் ஒன்றும் ஆகாது, கழிவு குறையும்.

பட்டறை_அண்ணாச்சி (9.58)
எடுப்பவர் செம்புப் பாத்திரத்தை எடுத்துவிடப் போகிறார். பிளாஸ்டிக் மக் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

நீர்த்தோட்டம் (10.03)
இத்தனை பேர் இவ்வளவு எழுதியும் மணலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. மணல் உள்ளே இருக்கும்போது டேங்க்கைத் தூக்கக் கூடாது. ஈர மணலின் பாரம் நடுவில் உட்கார்ந்து அடிக் கண்ணாடியை விரிசல் விட வைக்கும். முழுவதும் அள்ளிய பிறகு, நாலு பேர் அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இதெல்லாம் தெரிந்துகொண்டு மீன் வளர்க்க வர வேண்டும்.

பொருநைக்கரை (10.06)
மணல் விஷயம் நல்ல தகவல், நன்றி. கடைசி வரி இல்லாமலே அதைச் சொல்லியிருக்கலாம்.

புளியரைக்காரன் (11.20)
எல்லா மீனும் டப்பில், உயிரோடு இருக்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணன்மார் வந்து டேங்க்கைத் தரையில் இறக்கிவிட்டோம். இடது கால் விரலால் அழுத்தினாலே உதிர்கிறது. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இனி ஸ்டாண்டை எதில் செய்வது?

பட்டறை_அண்ணாச்சி (11.31)
நல்லது தம்பி. ஒன்றரை இன்ச் ஸ்கொயர் பைப், 2 எம்எம் கனம். நாலு காலோடு நிறுத்தாமல் நடுவில் முன்னும் பின்னும் ஒவ்வொரு கால், பின்பக்கம் குறுக்கே ஒரு சட்டம். குறுக்குச் சட்டம் இல்லாமல் வாங்கிவிடாதீர்கள், ஆட்டத்தைத் தடுப்பது அதுதான். வெல்டிங் முடிந்ததும் துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு, அதன் மேல் பெயிண்ட். மேலே 19 எம்எம் பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை உள்ளது. அது ஈரம் தாங்கும் மரைன் பிளை. ஓரங்களுக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும், தண்ணீர் குடிப்பது ஓரம் வழியாகத்தான். பெயிண்ட் வாடை முழுக்கப் போன பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். வைத்ததும் ரசமட்டம் போட்டு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பாருங்கள்.
பழைய டேங்க்கில் உடனே மீன் விடாதீர்கள். சாய்ந்து நின்றது, கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் எங்காவது விட்டிருக்கலாம். சமதளமான இடத்தில் வைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு முழு நாள் பாருங்கள். அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தால் சின்னக் கசிவும் தெரியும்.

தங்கமீன்_தங்கம் (11.36)
பிளைவுட்டின் மேல் தெர்மாகோல் மறக்காதீர்கள்.

பட்டறை_அண்ணாச்சி (11.37)
போடட்டும், அதில் சண்டை இல்லை.

பாலக்காட்டு_மீனா (மறுநாள் காலை 7.05)
புளியரை சேட்டா, ராத்திரி கரண்ட் நின்றதா? மிஸ் கேரளா எப்படி இருக்கிறது? அம்மோனியா டெஸ்ட் கிட் இருந்தால் பார்த்து எழுதுங்கள். இல்லாவிட்டாலும் தினம் கால் பங்கு தண்ணீர் மாற்றிக்கொண்டே இருங்கள், ஸ்டாண்ட் வரும் வரை.

வைகைக்_கெண்டை (மாலை 6.40)
இன்னும் பதில் இல்லை. புளியரைக்காரரே, பார்த்தால் ஒரு வரி போடுங்கள்.