கறுப்பன் போன பிறகு

மதுரையிலிருந்து:

கறுப்பனுக்கு 13 வயது. சிப்பிப்பாறை வேட்டை நாயும் தெரு நாயும் கலந்த பிறவி. நீண்ட கால்கள் தகப்பன் வழி, நிறமும் முரட்டுப் பிடிவாதமும் தாய் வழி. கடைசி ஓராண்டாகக் கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆனாலும் பால்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்குப் போய்விடுவான்.

தண்ணீர்ச் சட்டியைக் காலி செய்துவிட்டு மறுபடி வந்து நின்றதுதான் முதல் அறிகுறி. இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு எகிறியிருந்தது. நாய்க்குச் சிறுநீரகம் முக்கால் பங்கு பழுதான பிறகே இதெல்லாம் காட்டிக்கொடுக்கும், யாரும் யாரையும் நொந்துகொள்ளாதீர்கள் என்றார் மருத்துவர். அதன்பின் எங்கள் கூடமே ஆஸ்பத்திரி ஆனது. முன்னங்காலில் பிளாஸ்திரி, ஜன்னல் கம்பியில் டிரிப்ஸ் பாட்டில். கடைசிச் சொட்டு இறங்கும் வரை அம்மா அவன் காதைத் தடவியபடி தரையிலேயே உட்கார்ந்திருப்பார். மாத்திரையை இட்லிக்குள் புதைத்துக் கொடுப்போம். இட்லியை விழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் தரையில் துப்பிவிட்டு எங்களை நிமிர்ந்து பார்ப்பான். உடம்பில் எல்லாம் போன பிறகும் அந்தக் கள்ளத்தனம் மட்டும் போகவில்லை.

ஒரு விடியற்காலையில் போய்விட்டான். கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டி, கல் உப்பு போட்டு, மஞ்சள் துணியில் சுற்றிப் புதைத்தோம். பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார்தான் குழி வெட்டித் தந்தார். பணம் கொடுத்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

உறவினர்கள் அப்படியில்லை. சித்தப்பா போனில் கேட்டார்: “ஒரு நாய்க்கா இவ்வளவு அழுகை? வேறொன்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே!” ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் பேசாமல் இருந்தாலே பெரிய உபகாரம். அலுவலகத்தில் விடுப்புக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையை எழுதியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

உலை வைக்கும்போது அம்மா இன்னமும் ஒரு பிடி அரிசி கூடத்தான் போடுகிறார். மிஞ்சுகிற சோறு காக்கைக்குப் போகிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நீங்களெல்லாம் இதை எப்படிக் கடந்தீர்கள்?

சென்னையிலிருந்து:

அக்கா, கறுப்பன் தானாகப் போனான். அந்த மட்டில் உங்களுக்கு ஒரு பாரம் குறைவு. எங்கள் லாப்ரடாருக்கு மண்ணீரலில் கட்டி. அது உடைந்து உள்ளே இரத்தம் கசிந்த பிறகு, கருணைக் கொலைக்கு நாங்களே கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. முதலில் மயக்க ஊசி போட்டார்கள். நன்றாகத் தூங்கிய பிறகுதான் அடுத்தது. தலை என் மடியில் இருந்தது. கடைசியில் கண் மூடவே இல்லை. அது இயல்புதான் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்க முடிந்தது. இந்த முடிவை எடுக்கப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அறையை விட்டு வெளியே போய்விடாதீர்கள். பார்க்க முடியாதுதான், ஆனால் இருங்கள்.

அடுக்குமாடியில் கொல்லைக்கு எங்கே போவது? தகனம்தான் செய்தோம். திரும்பி வந்தபோது கேட்டில் காவலாளி எழுந்து நின்றார். “சாயங்காலத்துக்கு பிஸ்கட் வாங்கி வைத்திருந்தேன் சார்” என்றார். அதுவரை அழாதவன் அங்கேதான் அழுதேன்.

திருவண்ணாமலையிலிருந்து:

அம்மா, உங்கள் சித்தப்பாவை ஒருமுறை எங்கள் மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல், ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனுக்கு எடுத்தது. அவனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய காலத்தில் பிள்ளைகளுக்கு அரசன் பெயர் மறந்துபோகும், கோவிவன் மறக்காது. ஒரு நாய்க்கா என்று அந்த ஊரார் அன்று நினைத்திருந்தால் உளி எடுத்திருப்பார்களா? காய்ச்சல் என்று எழுதியது உங்கள் குற்றமில்லை, கேட்கிறவர்களின் சிறுமை.

எங்கள் வீட்டு நாய்களில் மூத்தவள் செவலை போனதும், அவளோடு வளர்ந்த மணி சோற்றைத் தொடவில்லை. அவள் படுக்கும் சாக்கில் போய் இவன் படுத்துக்கொண்டான். மனைவி சாக்கைத் துவைத்துப் போடலாம் என்றாள், நான் விடவில்லை. 2022இல் இத்தாலியில் நாய் வளர்ப்போர் 426 பேரிடம் கேட்டு எழுதிய ஓர் ஆய்வைப் படித்தேன். கூட இருந்த நாய் இறந்த பிறகு மற்றது விளையாட்டைக் குறைத்துக்கொண்டு மனிதரை அதிகம் ஒட்டிக்கொள்கிறது என்று பெரும்பாலோர் சொல்லியிருக்கிறார்கள்; உணவையும் குறைத்துக்கொண்டது என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மணி அதைத்தான் செய்தான். குளியலறை வாசலில்கூடக் காவல் இருந்தான்.

அவனுக்காகத்தான் நடக்கப் போகத் தொடங்கினேன். என் துக்கத்தைப் பார்க்க நேரமே கிடைக்கவில்லை. செவலை நின்ற மின்கம்பம் ஒன்றுவிடாமல் முகர்ந்துவிட்டுத்தான் நகர்வான். அரை மணி நடை ஒரு மணி ஆகிறது. முழங்காலுக்கு நல்லது, நடங்கள் என்கிறார் டாக்டர். இவனோ கம்பத்துக்குக் கம்பம் என்னை நிற்க வைக்கிறான். புதுக் குட்டி கொண்டுவரட்டுமா என்று மகன் கேட்கிறான். இவன் ஒழுங்காகச் சாப்பிடட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.